கூப்பிட்டதும் வந்தவள்

கெங்கம்மாளுக்கு அறுபத்து மூன்று வயது. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மாலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவாள். இடைப்பட்ட நேரத்தில் அந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குக் கையும் காலும் அவள்தான். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வது. கையோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பாள். எத்தனை ஸ்பூன் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, நாடி எத்தனை, இந்த மூன்றும் அதில் ஏறும். வேறு எதுவும் ஏறாது.

ஊரில் அவளுக்குப் பாண்டிச்சேரி ஆயா என்று பெயர். பிறந்தது மணவூர். இருபத்தாறு வயதில் புருஷன் போய்ச் சேர்ந்தான். அழுது முடித்த கையோடு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆறு மாதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தாள். பயிற்சி கொடுத்தவர்களே பாண்டிச்சேரியில் வேலையும் பிடித்துக் கொடுத்தார்கள். லூயிஸ் மதாம் என்கிற பிரெஞ்சுக் கிழவியின் வீடு. அங்கே பத்தொன்பது வருஷம் இருந்தாள்.

மதாமுக்குத் தமிழில் ஐந்து வார்த்தை தெரியும். அதில் இரண்டு வசவு. அதனால் பிரெஞ்சு கற்றுக்கொள்ள வேண்டியவள் கெங்கம்மாள் ஆனாள். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே கற்ற பிரெஞ்சு அது. வலிக்கிறதா, திரும்புங்கள், விழுங்குங்கள், தூங்கினீர்களா. முதலில் அதற்கு மேல் தேவைப்படவில்லை. மீதி போகப் போக ஏறியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "தூங்கினீங்களா மதாம்?" என்று கேட்டாள். கிழவி வாயைச் சிறிதாகத் திறந்து, 'ஹ்வி' என்று காற்றை உள்ளே இழுத்தாள். கடைசி மூச்சு வாங்கும் நோயாளிகள் அப்படித்தான் இழுப்பார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கெங்கம்மாள் ஓடிப்போய் எதிர்வீட்டு டாக்டரைக் கூட்டிவந்துவிட்டாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஊர்ப் பெண்கள் சில பேர் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்களாம், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே. பத்தொன்பது வருஷம் கேட்டும் அந்தச் சத்தம் கெங்கம்மாளுக்குப் பழகவில்லை.

மதாமைத் தேடி எத்தனையோ பேர் வருவார்கள். நான் பிரான்சிலிருந்து வருகிறேன், உன் அண்ணன் மகன், உன் ஊர்க்காரன் என்பார்கள். மதாம் கேள்வியே கேட்கமாட்டாள். உட்காரவைத்து ரொட்டி கொடுப்பாள். ஒருமுறை ஒருத்தன் ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு, எத்தனை நாள் தங்குவான் என்பதை ஆட்காட்டி விரலிலிருந்து எண்ணிக் காட்டினான். அவன் போனதும் கிழவி சொன்னாள்: "பிரெஞ்சுக்காரன் ரொட்டியை மேசைமேல் வைப்பான். கட்டை விரலிலிருந்து எண்ணுவான். இவன் பாஷையை மட்டும் படித்துக்கொண்டு வந்திருக்கிறான்."

கெங்கம்மாள் அதை மறக்கவில்லை. எண்ணுவதும் வலியில் கத்துவதும் ஒருவருக்கு எந்த வயதில் எந்த வீட்டில் ஏறியதோ அதுதான் கடைசிவரை என்பது அவள் பார்த்த நோயாளிகள் எல்லோரிடமும் சரியாக இருந்தது. நாற்பது வருஷம் டெல்லியில் வாழ்ந்தவர் கூட மயக்கத்தில் தமிழில்தான் எண்ணினார்.

மதாம் செத்த மறுமாதம் ஊருக்குத் திரும்பினாள். அந்தப் பிரெஞ்சு இனி எதற்கும் ஆகாது என்று நினைத்தாள். பதினேழு வருஷம் அது எதற்கும் ஆகவும் இல்லை.

*

இந்த ஆடியில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அம்சாவை. மலையடிவாரத்தில் வீடு. அறுபத்தாறு வயது. சித்திரையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயும் போயிற்று. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது, 'வோணாம்'. தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், விசிறி வேண்டும் என்றாலும் அதுதான். கண்ணைப் பார்த்துத்தான் எது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மகன் ஆதிகேசவன் திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறான். மருமகள் தமிழ்செல்வி.

அம்சா படுத்திருந்த அறையில், கட்டிலுக்கு எதிரே, அலமாரியின் மேல்தட்டில் மஞ்சள் பூசிய ஒரு தகரப் பெட்டி இருந்தது. அந்த வீட்டுப் பூவாடைக்காரியின் பெட்டி. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில், வாழாமல் செத்துப்போன பெண்பிள்ளை வீட்டுக்குத் தெய்வமாவாள். ஆடி வெள்ளியில் கிணற்றடிக்குப் போய்ச் செம்பில் நீர் மொண்டு, பூச்சுற்றி, 'வாம்மா, ஊட்டுக்கு வாம்மா' என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அழைத்து வருவார்கள். இலை போட்டுப் படைப்பார்கள். அவளுக்கென்று எடுத்த புதுத்துணி பெட்டியில் இருக்கும். வருஷா வருஷம் தையில் பழையதை எடுத்து யாராவது பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள்.

இந்த வீட்டில் அப்படி ஆனது அம்சாவின் முதல் குழந்தை. எட்டு மாதத்தில் நெஞ்சில் கோளாறு என்று சென்னைக்குத் தூக்கிப்போனாள் அம்சா. வெறுங்கையோடு திரும்பினாள். ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது, அங்கேயே புதைத்தாயிற்று என்றாள். ஆதிகேசவன் பிறந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

நாற்பது வருஷமாகக் கூப்பிட்டது அம்சாதான். இந்த வருஷம் முடியாது. இரண்டாவது ஆடி வெள்ளியன்று தமிழ்செல்வி போனாள். கிணற்றைக் கல்போட்டு மூடி மேலே போர் குழாய் போட்டிருந்தார்கள். குழாயடியில் நின்றபிறகுதான் அவளுக்கு உறைத்தது, குழந்தையின் பெயர் தெரியாது என்று. மாமியார் அதை எப்போதும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள்.

அடுத்த புதன்கிழமை, உச்சி வேளை. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து ஊரே ஓய்ந்து கிடந்தது. மலைமேல் ஒலிபெருக்கியும் நின்றிருந்தது. கெங்கம்மாள் அம்சாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொல்லைப் பக்கத்திலிருந்து தமிழ்செல்வி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆயா, ஒருத்தி குழாயாண்ட நின்னுகினு கீறா."

"யாரு?"

"தெரியல. கேட்டா பேசல. என்னையே பாத்துகினு கீறா."

கெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். நம்ம நிறம், நம்ம மூக்கு. கணுக்காலை மறைக்கும் மஞ்சள் பாவாடை. குழாயைத் திறந்து இரண்டு மணிக்கட்டையும் தண்ணீரில் நீட்டியபடி நின்றாள். வெயிலுக்கு மதாமும் அப்படித்தான் செய்வாள் என்று கெங்கம்மாளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஏன் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்தப் பெண் ஈரக் கையோடு அறை வாசல்வரை வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். அம்சாவும் அவளைப் பார்த்தாள். முதலில் முகத்தை, அப்புறம் கீழே காலை. பாவாடை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கால் தெரியவில்லை. அம்சாவின் நல்ல கை கெங்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று கெங்கம்மாளே நினைத்திருக்கவில்லை.

"வோணாம்," என்றாள் அம்சா. "வோணாம். வோணாம்."

நாடி நூற்று முப்பது. அந்த வேளையிலிருந்து அம்சா வாய் திறக்கவில்லை. கஞ்சி ஸ்பூன் உதட்டுக்குப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

*

அந்தப் பெண் தன் பெயர் சில்வி என்றாள். பிரான்சுக்காரி என்றாள். உடைந்த இங்கிலீஷில் ஆதிகேசவனிடம் பேசினாள். அவள் கையில் ஒரு பழைய காகிதத்தின் நகல் இருந்தது. சென்னையில் ஏதோ ஒரு குழந்தைகள் இல்லம் கொடுத்தது. பெண் குழந்தை, எட்டு மாதம், இருதயத்தில் ஓட்டை, சிகிச்சைக்காக வெளிநாட்டுக்குத் தத்து. தாய் அம்சா, ஊர் திருத்தணி. கீழே இடது கைப் பெருவிரல் ரேகை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜுக்கு அவளை அனுப்பிவிட்டு, ஆதிகேசவன் சமையலறையில் வந்து நின்றான்.

"எங்கக்கா செத்துப்போச்சு. எங்க நைனா சாவற வரைக்கும் அதத்தான் சொல்லிகினு இருந்தாரு. இவ யாரோ உள்ளூர்க்காரி. நம்ம ஊட்டுக் கதையத் தெரிஞ்சிகினு, பிரான்ஸுன்னு சொல்லிகினு வந்து நிக்கறா."

"பாஸ்போர்ட்டு காட்னாளே," என்றாள் கெங்கம்மாள்.

"அது கெடக்குது. கலர்ல அடிச்சிக் குடுக்க ஆளா இல்ல?"

"அதுலயே பொறந்த ஊரு திருத்தணின்னு போட்டுக்கீதுங்க," என்றாள் தமிழ்செல்வி. "திருத்தணியில பொறந்தவ எப்டி பிரான்ஸ்காரி ஆவா? சோளிங்கர் பஸ்ஸுல ஏறிப் பாருங்க, பத்து பேரு இதே மூஞ்சியில ஒக்காந்துகினு இருப்பாங்க."

ஆதிகேசவன் கெங்கம்மாள் பக்கம் திரும்பினான். "ஆயா, அந்த ஊர்க்காரங்களத் தூக்கி வளத்தவ மாதிரி நீ. இவ நெசமா அங்க வளந்தவதானா, அத மட்டும் சொல்லு. இல்லன்னா நாளைக்கே தொரத்திடறேன். நெசம்னா அந்தக் காயிதத்தப் பாக்கலாம்."

"சொல்றேன் தம்பி. ஆனா அவ யாரா இருந்தாலும் ஒங்கம்மா சாப்ட்டாவணும். எனக்கு அதான் வேல."

அவன் போனபிறகு தமிழ்செல்வி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஆயா, நாந்தான் கூப்ட்டேன்."

"யார?"

"பேரு தெரியல. அதனால, யாரா இருந்தாலும் சரி, வந்துடும்மான்னு சொல்லிட்டேன். அதே குழாயாண்ட வந்து நின்னா ஆயா. அதே எடத்துல."

"நான் தெனம் ஆட்டோக்காரனக் கூப்புடறேன், அவனே வர மாட்டேங்கறான். போடி, போய் ஒலயப் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று மாலை கிளம்பும்போது குழாய் பக்கம் பார்க்காமல்தான் போனாள்.

*

வியாழனும் அதே உச்சி வேளைக்குச் சில்வி வந்தாள். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால்மேல் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பேசவில்லை, அசையவில்லை. அம்சாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சா அவளையே பார்த்தாள். நடுவில் மின்விசிறி நின்றுவிட்டது. இந்த வீட்டில் மின்சாரம் போவது புதிதில்லை. ஆனால் அந்த அறையில் மூன்று பேர் மூச்சுவிடும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

தமிழ்செல்வி வாசலில் நின்றபடியே காபியை நீட்டினாள். சில்வி கையை லேசாக உயர்த்தி, "மெர்சி," என்றாள். தம்ளரைத் தொடவில்லை. முதல் நாள் இளநீர் கொடுத்தபோதும் அப்படித்தான்.

கெங்கம்மாள் தனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. துவைத்த துணிகளை ஒரு கட்டாக அவள் மடியில் போட்டு, எத்தனை என்று கையால் கேட்டாள். தான் மட்டும் அம்சாவின் தலையணையைச் சரிசெய்வது போலத் திரும்பி, ஓரக்கண்ணால் பார்த்தாள்.

நம்மவர்கள் எண்ணினால் சுண்டு விரல் மடங்கும், இல்லாவிட்டால் கட்டை விரல் மற்ற விரல்களின் கணுவில் ஊர்ந்து போகும். சில்வியின் கை மூடியிருந்தது. அதிலிருந்து முதலில் கட்டை விரல் நிமிர்ந்தது. அப்புறம் ஆட்காட்டி விரல். உதடு அசைந்தது. "அன், தெ, த்ருவா..."

இதைக்கூட யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். கெங்கம்மாள் அடுத்ததைச் செய்தாள். துடைப்பதற்குக் காய்ச்சிய வெந்நீர், எவர்சில்வர் சொம்பில் பக்கத்தில் இருந்தது. அதை எடு என்று சைகை காட்டினாள். சொம்பு சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆறியிருந்த அளவும் தெரியும். கொப்புளம் வராது, வலிக்கும். நோயாளிக்கு ஒருநாளும் செய்யமாட்டாள். இவள் நோயாளி இல்லை.

சில்வி தொட்டாள். "அய்!" என்று கையை உதறினாள்.

அம்மா என்று வரவில்லை.

இந்த ஊரில் அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவன் கூட, கல் தடுக்கினால் அம்மா என்பான். எத்தனை வருஷம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடித்தாலும், சுட்ட அந்தக் கண்ணிமைப்பில் அதை அடக்க முடியாது. கெங்கம்மாளுக்கு அந்த முகத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது, அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தியின் வாயிலிருந்து வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

ஈரத்துணியை அவள் விரலில் சுற்றிக்கொண்டே, பதினேழு வருஷத் துருவோடு, பிரெஞ்சில் கேட்டாள்: "ராத்திரி தூங்கினாயா?"

சில்வி நிமிர்ந்து பார்த்தாள். கண் விரிந்தது. வாய் சிறிதாகத் திறந்தது. காற்று உள்ளே போயிற்று.

'ஹ்வி.'

கட்டிலில் அம்சா முனகினாள். அந்த மூச்சுச் சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது. நாடி நூற்று முப்பத்தாறு.

மாலை ஆதிகேசவனிடம் கெங்கம்மாள் சொன்னாள்: "பிரான்ஸ்காரிதான். சந்தேகமே வோணாம். பொறந்தது இங்கன்னா பொறந்திருக்கட்டும். வலி படிச்சது அங்க."

ஆதிகேசவன் சில்வியிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, ரேகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ... அது இல்லியா ஆயா?" என்றாள் தமிழ்செல்வி.

"பேய்க்கு எதுக்குடி பிரெஞ்சு?"

இவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அம்சாவுக்கு அதை எப்படிச் சொல்வது? கெங்கம்மாள் காதருகே குனிந்து சொல்லிப் பார்த்தாள். "அம்சாம்மா, அவ உசுரோட இருக்கறவ. பிரான்ஸ்லேர்ந்து வந்துகீறா." அம்சாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. பல் பூட்டியபடியே இருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்து ஒரு பாட்டில் ஏற்றினார். "சாயங்காலத்துக்குள்ள வாய் வழியா ஒண்ணும் எறங்கலன்னா மூக்குல டியூப் போடணும், இல்லன்னா திருவள்ளூருக்குத் தூக்கிகினு போங்க," என்றார். கெங்கம்மாள் எத்தனையோ டியூப் பார்த்திருக்கிறாள். இந்த நிலையில், இந்தப் பயத்தோடு, டியூப் போட்டு, பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிவைத்தால் அம்சா எத்தனை நாள் இருப்பாள் என்பது அவளுக்கு ஏறக்குறையத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது ஆடி வெள்ளி. படையலை நிறுத்தக் கூடாது என்று தமிழ்செல்வி பிடிவாதமாக இருந்தாள். ஆனால் குழாயடிக்குப் போகவில்லை. பெட்டிக்குக் கீழே இலை போட்டு, ஒரு கிண்ணத்தில் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் வறுத்த மோர் மிளகாய், கொழுக்கட்டை எல்லாம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். இரண்டு வீடு தள்ளியிருக்கும் தையற்காரி அனுசுயா கூழ் வாங்கிப் போக வந்து நின்றாள். உச்சி வேளை ஆயிற்று. சில்வி வந்தாள்.

"சாப்புடும்மா," என்று தமிழ்செல்வி தள்ளி நின்று கேட்டாள்.

"மெர்சி," என்று கை உயர்ந்தது.

கெங்கம்மாள் அம்சாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் பெட்டிக்குப் போயிற்று. அதிலிருந்து இலைக்கு இறங்கிற்று. தொடப்படாத கூழ், தொடப்படாத கொழுக்கட்டை. இலையிலிருந்து சில்வியின் வாய்க்கு வந்தது. அங்கேயே நின்றது. மறுபடி பெட்டி, இலை, வாய்.

கெங்கம்மாள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

மூன்று நாளாக எல்லோரும் தப்பாகவே பார்த்திருந்தார்கள், அவளும் சேர்த்து. அம்சா பேயைக் கண்டு பயந்தவள் இல்லை. குழந்தையை உயிரோடு கொடுத்துவிட்டு வந்தவள் அவள். பிழைத்ததா, இல்லையா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. ஊருக்குச் சொன்ன பொய்க்காக, நாற்பது வருஷம் உயிரோடிருக்கும் பிள்ளையைச் செத்தவளைப் போலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமும் யாரும் வரவில்லை. வராதவரைக்கும் எங்கேயோ இருக்கிறாள் என்று அர்த்தம். இப்போது கூப்பிட்டதும் வந்து நிற்கிறாள். இந்த வீட்டில் கூப்பிட்டால் வருகிறவள் யார்? செத்தவள்தான். காலைக் காட்டவில்லை. எது கொடுத்தாலும் தொடவில்லை. இலை இலையாகவே இருக்கிறது. மகள் போய்விட்டாள் என்று தெரிந்த தாய் எப்படி வாய் திறப்பாள்?

கெங்கம்மாள் நேரே சில்வியிடம் போய்ப் பிரெஞ்சில் கேட்டாள்: "மூன்று நாளாக இந்த வீட்டில் ஏன் ஒன்றும் சாப்பிடவில்லை?"

சில்விக்குக் காது சிவந்தது. வெளியே எதையும் தொடாதே, வயிறு கெட்டுவிடும் என்று புறப்படுமுன் எல்லோரும் சொன்னார்களாம். மரியாதையாகத்தானே வேண்டாம் என்றேன் என்றாள். அவள் வேண்டாம் என்று சொன்னதே இவர்களுக்குத் தெரியாது. மதாமும் அப்படித்தான், எதை நீட்டினாலும் மெர்சி, அதாவது நன்றி, என்றால் எடுத்துக்கொண்டு போ என்று பொருள்.

"வயிறு கெட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், அதுதான் என் வேலை. நீ சாப்பிடாததால் இவள் சாப்பிடவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகு. கால் தெரியட்டும்."

நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டாள். படையல் இலையிலிருந்து கூழ்க் கிண்ணத்தை எடுத்தாள்.

"ஆயா! சாமிக்கு வெச்சத எடுக்காத!" என்று தமிழ்செல்வி அலறினாள்.

"அவளுக்கு வெச்சதுதானேடி. அவதான் சாப்புடப்போறா."

சில்வி கிண்ணத்தை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். முகம் கோணவில்லை. இன்னொரு வாய். அம்சா இமைக்காமல் பார்த்தாள். சில்வி இலையில் இருந்த மோர் மிளகாயை எடுத்தாள். கறுத்துப் போய் மொறுமொறுவென்று இருந்ததை ஏதோ வறுவல் என்று நினைத்திருப்பாள். காம்பைப் பிடித்து முழுசாக வாயில் போட்டுக் கடித்தாள்.

ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. பிறகு கண் பிதுங்கியது. "ஓ லா லா! அய்! அய், அய்!" மூக்கு ஒழுகியது. கண்ணீர் தாரையாக வந்தது. விக்கல் பிடித்தது. கையை விசிறிக்கொண்டு எழுந்து குதித்தாள். வெறுங்காலில் குதித்த சத்தம் தரையில் திம் திம்மென்று கேட்டது.

"அடியே, எங்க ஊட்டுப் புள்ளைங்க ரெண்டு வயசுலயே இத நாலு தின்னுமே!" என்றாள் அனுசுயா வாசலிலிருந்து.

கட்டிலில் ஒரு சத்தம் கேட்டது. கெங்கம்மாள் திரும்பினாள். அம்சாவின் முகம் இடது பக்கம் மட்டும் மேலே ஏறியிருந்தது. தொண்டையில் கரகரவென்று ஏதோ உருண்டது. மூச்சுத் திணறல் என்று நினைத்துப் பாய்ந்தவள், பாதியில் நின்றாள். அம்சா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சில்வி விக்கலோடு இரண்டாவது மிளகாயைக் கையில் பிடித்திருந்தாள், கீழே வைக்கத் தெரியாமல். அம்சாவின் நல்ல கை நீண்டது. அந்த மிளகாயைத் தட்டிவிட்டது.

"வோணாம்," என்றாள் அம்சா.

அப்புறம் போர்வை நுனியை இழுத்து அவள் மூக்கைத் துடைத்தாள். அழுத்தி, இரண்டு தரம், சிறு பிள்ளைக்குத் துடைப்பது போல.

கெங்கம்மாள் தலைமாட்டை உயர்த்தினாள். கூழை இன்னும் நீர்க்கக் கரைத்தாள். ஸ்பூனை சில்வியின் கையில் கொடுத்தாள். "கால் ஸ்பூன். நாக்கின் இடது பக்கம் வை. விழுங்கிய பிறகு அடுத்தது."

பல் பூட்டு திறந்தது. பதினொரு ஸ்பூன்.

*

உயிரோடு இருக்கிறவளுக்குப் பெட்டி எதற்கு? தமிழ்செல்விதான் அதை இறக்கினாள். உள்ளே இந்தத் தை மாதம் வைத்த புதுத்துணி இருந்தது. எட்டு மாதக் குழந்தைக்கான பாவாடை இல்லை. ஒரு சேலை, தைத்த ரவிக்கை.

கெங்கம்மாள் சில்வியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் உடுத்திவிட்டாள். சட்டையைக் கழற்றியபோது நெஞ்சுக் குழி நடுவே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. தையல் போட்ட புள்ளிகள் அகலமாக விலகியிருந்தன. சின்னஞ்சிறு உடம்பில் போட்ட தையல், உடம்போடு சேர்ந்து வளர்ந்த தழும்பு அது. இனி யாரும் ரேகை பார்க்கத் தேவையில்லை.

ரவிக்கையின் கடைசி ஊக்கு மாட்டியது. தோள், கை, மார்பு, எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை, இறுக்கம் இல்லை.

சமையலறை வாசலுக்கு வந்திருந்த அனுசுயா வாயில் கைவைத்துக்கொண்டாள். "ஆயா, அது நான் தெச்சது."

"தெரியுது. அளவு யாரு குடுத்தா?"

"அம்சாக்காதான். எங்க மாமியாரு காலத்துலேர்ந்து அப்டித்தான். தை மாசம் துணியக் கொண்டாந்து குடுக்கும். கையாலயே சாண் போட்டு அளவு காட்டும். வருசத்துக்கு ஒரு விரக்கட, ஒரு வெரலு அகலம், ஏத்திகினே வரும். சாமி வளருமான்னு நாங்க சிரிப்போம். இந்தத் தையில வந்து ரெண்டு விரல மடக்கிக் காட்டுச்சு. இளைச்சுட்டா, ரெண்டு இன்ச்சு புடிச்சுத் தைன்னுது. பிரிச்சுப் பாரு, உள்ளார தையலு இருக்கும்."

கெங்கம்மாள் பிரித்துப் பார்க்கவில்லை. சில்வியிடம் மட்டும் கேட்டாள், கடந்த குளிர்காலத்தில் உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று.

சில்வி காற்றை உள்ளே இழுத்தாள். 'ஹ்வி.' ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தாளாம். எட்டு கிலோ குறைந்ததாம். எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"பார்த்தால் தெரிகிறது," என்று கெங்கம்மாள் பொய் சொன்னாள்.

அறைக்குத் திரும்பியபோது அம்சா தூங்கியிருந்தாள். சில்வி அந்தச் சேலையோடு கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். கெங்கம்மாள் நோட்டை எடுத்தாள். கூழ் பதினொரு ஸ்பூன். சிறுநீர் இருநூறு. நாடி எண்பத்திரண்டு. எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

அம்சாவின் நல்ல கை போர்வைமேல் அசைந்தது. கண் மூடித்தான் இருந்தது. கட்டை விரலும் சுண்டு விரலும் விரிந்து ஒரு சாண் போட்டன. நகர்ந்து இன்னொரு சாண். அதோடு நிற்கவில்லை. ஒரு விரல் தனியாக நீண்டு, துணியைத் தொட்டு, அப்படியே நின்றது.

கெங்கம்மாள் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் ஏற்றவில்லை. மூடிப் பைக்குள் வைத்தாள்.

"தமிழு," என்று கூப்பிட்டாள். "அனுசுயா போறதுக்குள்ள சொல்லிடு. அடுத்த ரவிக்கைக்கு ஒரு இன்ச்சு விட்டுத் தெக்கச் சொல்லு."